ஆண்களுக்கான தாடை இம்பிளாண்ட்: போடுவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டிக்டாக்கில் பத்து நிமிடம் விரலைத் தள்ளிக்கொண்டே போனால் போதும். கத்தி போலத் தாடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் எப்படியும் வந்துவிடுவார். 'லுக்ஸ்மேக்ஸிங்', 'மியூயிங்', 'ஜாலைன்' எல்லாம் உங்களுக்குப் பழகிய சொற்களாகத்தான் இருக்கும்.

அந்த வீடியோக்கள் உடற்பயிற்சியில் தொடங்கும். பிறகு சுயிங்கம், ஃபில்லர் என்று போகும். கடைசியில் பெரும்பாலும் வந்து நிற்பது அறுவைச் சிகிச்சையில். முகவாய் எலும்பின் மேலோ தாடையின் ஓரத்திலோ ஒரு செயற்கைத் துண்டை வைத்துத் தைத்துவிடும் சிகிச்சை அது. அந்தத் துண்டைத்தான் இம்பிளாண்ட் என்கிறார்கள்.

'போடு', 'போடாதே' என்று சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். "எனக்கு முகவாயே இல்ல" என்று ஒருவருக்குத் தோன்றக் காரணங்கள் பல. கேமராவாக இருக்கலாம், கழுத்துக் கொழுப்பாக இருக்கலாம், எலும்பாக இருக்கலாம், பற்கள் பொருந்தும் விதமாகவும் இருக்கலாம். இம்பிளாண்ட் இவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் பொருத்தமான பதில்.

முகவாய் வேறு, தாடைக் கோடு வேறு

கீழுதட்டுக்குக் கீழே இருக்கும் நுனிப் பகுதி முகவாய். வீட்டில் மோவாய்க்கட்டை என்பார்களே, அதுதான். அங்கிருந்து காதுக்குக் கீழே வரை ஓடும் எலும்பின் ஓரம்தான் தாடைக் கோடு. காதுக்குச் சற்றுக் கீழே அது மேல்நோக்கித் திரும்பும் இடம் தாடை மூலை.

பொதுவாக ஆண்களின் முகவாய் பெண்களுடையதைவிட அகலமாகவும் சதுரமாகவும் இருக்கும். தாடை மூலையும் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் பார்க்கும்போது, கீழுதட்டிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு போட்டால் ஆணின் முகவாய் ஏறத்தாழ அதைத் தொடவேண்டும் என்பது அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று. அது கட்டாய விதி இல்லை. தொடாத முகத்துடன் திரையில் ஜொலித்த நடிகர்கள் ஏராளம்.

எனவே இம்பிளாண்ட்டிலும் வகைகள் உண்டு. முகவாய் நுனிக்கு மட்டும் போடுவது ஒன்று. இரண்டு தாடை மூலைகளுக்கும் போடுவது இன்னொன்று. ஒரு காதடியிலிருந்து மறு காதடி வரை தாடையை மொத்தமாகச் சுற்றி வருவது மூன்றாவது. சமூக ஊடகத்தில் நீங்கள் பார்க்கும் 'அப்படியே மாறிட்டாரே' ரக மாற்றங்களில் பல, இந்த மூன்றாவது வகையைக் காட்டுபவை. முகவாய்க்கு மட்டும் போட்டால் அந்த அளவு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

முதலில் கைத்தொலைபேசியைச் சந்தேகப்படுங்கள்

அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் 2022இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். 30 பேரைக் கைத்தொலைபேசியால் 12 அங்குலம், 18 அங்குலம் தூரங்களில் படமெடுத்தார்கள். அவற்றை 5 அடி தூரத்தில் எடுத்த மருத்துவப் படங்களுடன் ஒப்பிட்டார்கள்.

12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சராசரியாக 6.4 விழுக்காடு நீளமாகத் தெரிந்தது. முகவாய் 12 விழுக்காடு குறைந்து தெரிந்தது.

காரணம் எளிது. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், சற்றுப் பின்னால் இருப்பது சுருங்கித் தெரியும். முகத்தில் முன்னால் நிற்பது மூக்கு. முகவாயும் தாடையும் பின்னால். அதாவது, கையை மடக்கி எடுத்த செல்ஃபியைப் பார்த்து "முகவாய் சின்னதா இருக்கு" என்று நீங்கள் முடிவு செய்தால், அதில் ஒரு பங்கு உங்கள் முகத்தின் தவறே இல்லை.

காணொளி அழைப்புக்கும் இதே கதைதான். மடிக்கணினியின் கேமரா பெரும்பாலும் முகத்துக்குக் கீழே இருக்கும். கழுத்துச் சதையெல்லாம் தெரியும். இது கொவிட் காலத்தில் தொடங்கியதும் இல்லை. அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2010ஐவிட 2011இல் அந்நாட்டில் முகவாய் அறுவைச் சிகிச்சை 71 விழுக்காடு கூடி 20,000ஐத் தாண்டியது. திரையில் தங்கள் முகத்தையே பார்த்துப் பேசும் பழக்கத்தை அந்தச் சங்கம் அப்போதே ஒரு காரணமாகச் சொன்னது. ஸூம் பிரபலமாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு!

நண்பர் ஒருவரை 5 அடி தள்ளி நிற்கச் சொல்லி, கண் மட்டத்தில், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். செலவில்லாத முதல் பரிசோதனை அதுதான்.

சரி, உள்ளே என்னதான் வைக்கிறார்கள்?

அதிகம் பயன்படுவது திட சிலிகான். மார்பக இம்பிளாண்ட்டில் இருக்கும் ஜெல் மாதிரி இல்லை இது. கெட்டியான, சற்று வளையும் ரப்பர் துண்டு போல இருக்கும். உடல் இதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையை வளர்த்துக்கொள்ளும். சிலிகானுக்குள் திசு புகாது. அதனால் வேண்டாம் என்றால் வெளியே எடுப்பது ஓரளவு சுலபம்.

இன்னொன்று நுண்துளைகள் கொண்ட பாலித்திலீன். துளைகளுக்குள் திசுவும் ரத்தக் குழாய்களும் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகராது என்பது நல்ல விஷயம். எடுக்கவேண்டிய நிலை வந்தால், பிடித்திருக்கும் திசுவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பது கெட்ட விஷயம்.

தாடை முழுவதும் சுற்றிவரும் இம்பிளாண்ட்களை சிடி ஸ்கேன் எடுத்து, உங்கள் எலும்பின் வடிவத்துக்கு ஏற்ப கணினியில் வரைந்து செய்வதுண்டு. 'பீக்' எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் அதற்குப் பயன்படும் பொருள்களில் ஒன்று. விலையும் அதற்கேற்ப ஏறும்.

முகவாய் இம்பிளாண்ட் வைக்க இரண்டு வழிகள். முகவாய்க்கு அடியில் 2, 3 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுவது ஒரு வழி. அதில் தழும்பு இருக்கும், ஆனால் கீழிருந்து பார்த்தால்தான் தெரியும். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வாய்க்குள் கீறுவது இன்னொரு வழி. வெளியே தழும்பு இருக்காது. ஆனால் வாயில் எப்போதும் கிருமிகள் இருப்பதால் சுத்தத்தில் கூடுதல் கவனம் தேவை.

எந்த வழியாகப் போனாலும், எலும்பை மூடியிருக்கும் மெல்லிய படலத்தைத் தூக்கி, அதற்கடியில் ஒரு பை போல இடம் செய்து, துண்டை எலும்பின் மேல் உட்கார வைப்பார்கள். சில சமயம் திருகாணி போட்டு இறுக்குவார்கள். முகவாய்க்கு மட்டும் என்றால் பொதுவாக ஒரு மணி நேர வேலை. முன்னால் வரும் அளவு மில்லிமீட்டர் கணக்குத்தான்.

தாடை மூலை இம்பிளாண்ட் இன்னும் பெரிய வேலை. நாம் மெல்லுவதற்குப் பயன்படுத்தும் தடித்த தசைக்கு அடியில் அதை வைக்கவேண்டும். வீக்கம் அதிகம், வாயை முழுதாகத் திறக்கச் சில வாரங்கள் ஆகலாம். கோழிக் கால் கடிப்பதையெல்லாம் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடவேண்டும்.

வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். இறுதி வடிவம் தெரியப் பல மாதங்கள் ஆகும். இரண்டாம் வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து 'ஐயோ, பெரிசாப் போச்சே' என்று பயப்படுவதும், 'சூப்பரா இருக்கே' என்று மகிழ்வதும் இரண்டுமே அவசர முடிவுகள்.

எங்கே கோளாறு வரலாம்?

வீடியோக்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. முகவாயின் இரு பக்கமும் எலும்பில் உள்ள சிறு துளை வழியாக அது வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வைக் கொடுக்கிறது. இம்பிளாண்ட் வைக்கும் இடம் அந்தத் துளைக்கு மிக அருகில். நரம்பு இழுபட்டாலோ அழுத்தப்பட்டாலோ உதடு மரத்துப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பிவிடும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. உதடு மரத்துப்போனால் என்ன ஆகும்? சூடான தே தாரிக் உதட்டைச் சுடுவது தெரியாது. வாயோரம் சோறு ஒட்டியிருப்பது தெரியாது. முத்தம் கூட வேறு மாதிரிதான்.

தொற்று இன்னொரு கவலை. செயற்கைப் பொருளின் மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் போதாமல் போகலாம். அப்போது இம்பிளாண்ட்டை எடுத்துவிட்டு, ஆறியபின் மறுபடி யோசிக்கவேண்டியதுதான்.

துண்டு ஒரு பக்கமாக நகரலாம். ஓரம் தோலுக்கு மேல் தட்டுப்படலாம். தசை சரியாகப் பொருந்தாவிட்டால் முகவாய்ச் சதை தொங்கிப்போகலாம். இரண்டு மூலைகளும் ஒரே மாதிரி அமையாமல் போகலாம்.

அதிகம் பேசப்படாதது எலும்புத் தேய்மானம். இம்பிளாண்ட் அழுத்தும் இடத்தில் அதற்கு அடியில் உள்ள எலும்பு மெல்ல மெல்லக் குழியலாம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, 1969லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பலருக்கு இது லேசாக நின்றுவிடும், எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் துண்டு இருக்கவேண்டிய இடத்தைவிட மேலே, பல் வேர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பிரச்சினை. முகவாயின் கீழ் ஓரத்தில் எலும்பு உறுதியாக இருக்கும், மேலே போகப் போக மெல்லியது. அதனால்தான் 'எங்கே வைக்கிறார்கள்' என்பது 'எதை வைக்கிறார்கள்' என்பதைவிட முக்கியம்.

22 வயதில் போட்டால் அது இன்னும் 50, 60 வருடங்கள் உங்களுடன் இருக்கப்போகும் பொருள். முகம் மாறும், எடை மாறும், பற்கள் மாறும். அது மட்டும் அப்படியே இருக்கும்.

பல்லும் மூச்சும்

முகவாய் உள்ளே போயிருப்பதாகத் தெரியும் சிலருக்கு, உண்மையில் கீழ்த் தாடையே பின்னால் அமைந்திருக்கும். மேல் பற்கள் கீழ்ப் பற்களைவிட நன்றாக முன்னால் நிற்கும். அவர்களுக்கு முகவாயில் இம்பிளாண்ட் வைத்தால் என்ன ஆகும்? பக்கவாட்டில் பார்க்க முகம் சரியாகத் தெரியும். பல் பொருத்தம் பழையபடியே இருக்கும்.

பல் பொருத்தம் மட்டும் என்றால் பரவாயில்லை. கீழ்த் தாடை பின்னால் இருந்தால் நாக்குக்குப் பின்னால் காற்று போகும் இடமும் குறுகலாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய்க்கு அது ஒரு காரணம். சிங்கப்பூரில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அந்த நோய் மிதமான அல்லது கடுமையான நிலையில் இருப்பதாகக் காட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. 'அது குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்' என்று நினைக்கவேண்டாம். முக எலும்பின் அமைப்பால் ஆசியர்களில் பலருக்கு அதிக எடை இல்லாமலேயே அது வருகிறது.

பலமாகக் குறட்டை விடுகிறீர்களா? எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறதா? மூச்சு நின்று நின்று வருவதாக அறையில் கூட இருப்பவர் சொல்லியிருக்கிறாரா? அப்படி என்றால் நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் அழகு சிகிச்சை மருந்தகம் இல்லை. பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

எலும்பையே நகர்த்தும் சிகிச்சைகள் இருக்கின்றன. உங்கள் சொந்த முகவாய் எலும்பைப் பல் வேர்களுக்குக் கீழே வெட்டி, முன்னால் நகர்த்தி, டைட்டேனியத் தகடு வைத்துத் திருகுவது ஒன்று. அதில் உள்ளே பெரிய அந்நியப் பொருள் இல்லை. உயரத்தையும் கூட்டிக் குறைக்க முடியும். ஆனால் எலும்பை வெட்டுவதால் இம்பிளாண்ட்டைவிடப் பெரிய சிகிச்சை அது, உதடு மரத்துப்போகும் அபாயமும் உண்டு.

முழுத் தாடையையும் நகர்த்துவது இன்னொன்று. பற்களுக்குக் கம்பி போடுவதுடன் சேர்த்துத் திட்டமிடுவார்கள், மாதக் கணக்கில் ஆகும். பல் பொருத்தத்தையும், சிலருக்கு மூச்சுப் பாதையையும் அது சரிசெய்யும். தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் அத்தகைய அறுவைச் சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்த வழி உண்டு. அழகுக்காக மட்டும் போடும் இம்பிளாண்ட்டுக்கு மெடிசேவும் இல்லை, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் இல்லை.

முதலில் இம்பிளாண்ட் போட்டுவிட்டு, சில ஆண்டுகள் கழித்துத் தாடை அறுவைச் சிகிச்சை தேவை என்று தெரிந்தால், இம்பிளாண்ட்டை எடுத்துவிட்டுத்தான் தொடரவேண்டியிருக்கும். இரண்டு செலவு, இரண்டு வலி.

ஃபில்லர், மியூயிங், தாடி

ஃபில்லர் என்பது ஊசி வழியாகச் செலுத்தும் ஜெல். ஹயலூரோனிக் அமில வகை அதிகம் பயன்படுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த வகையில் ஒன்றை 2020இல் முகவாய்க்கும், இன்னொன்றை 2022இல் தாடைக் கோட்டுக்கும் அங்கீகரித்தது. இரண்டுமே 21 வயதைத் தாண்டியவர்களுக்கு. ஓராண்டு அல்லது அதற்குச் சற்றுக் கூடக்குறைய நிற்கும், பிடிக்காவிட்டால் கரைக்கும் மருந்து இருக்கிறது. 'எனக்கு இது ஒத்துவருமா' என்று பார்க்க நினைப்பவருக்கு இம்பிளாண்ட்டைவிடச் சின்ன அடி.

சின்ன அடி என்றாலும் ஆபத்தில்லாதது இல்லை. ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம். மிக அரிதாகப் பார்வையே போகலாம். சிங்கப்பூரில் ஃபில்லர் ஊசியை மருத்துவர்தான் போடவேண்டும். அழகு நிலையத்தில், ஹோட்டல் அறையில், தெரிந்தவர் வீட்டில் மலிவாகப் போடுவதாக யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மியூயிங் என்பது நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்திருப்பது. பிரிட்டிஷ் பல் மருத்துவர் ஜான் மியூவின் பெயரிலிருந்து வந்த சொல். பெரியவர்களின் தாடை எலும்பை அது மாற்றும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. 'எலும்பை அடித்து வளர்க்கலாம்' என்று சுத்தியலுடன் வரும் வீடியோக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

தாடி? சிரிக்கவேண்டாம். நன்றாக வெட்டிய தாடி முகவாயைச் சில மில்லிமீட்டர் நீட்டிக் காட்டும், தாடைக்கு ஓரம் வரைந்து கொடுக்கும். பிடிக்காவிட்டால் மறுநாள் எடுத்துவிடலாம். அம்மா 'முதல்ல ஷேவ் பண்ணுடா' என்று சொல்வதுதான் இதன் ஒரே பக்கவிளைவு. உடல் எடை கூடியவர்களுக்கு, முகவாய்க்கு அடியில் உள்ள கொழுப்பு குறைந்தாலே கோடு வெளியே வரும்.

வயது, மனம், சிங்கப்பூர் விதிமுறைகள்

ஆண்களின் கீழ்த் தாடை பதின்ம வயது முடியும்வரை, சிலருக்கு அதற்குப் பிறகும் வளர்கிறது. 16, 17 வயதில் கண்ணாடியில் பார்ப்பது முடிந்துபோன முகம் இல்லை.

இன்னொன்றையும் பேசியாகவேண்டும். ஒரு நாளில் பல முறை கண்ணாடியிலோ கைத்தொலைபேசியிலோ தாடையைச் சோதிப்பது, படம் எடுப்பதைத் தவிர்ப்பது, நண்பர்கள் 'ஒண்ணும் இல்லடா' என்று சொன்னாலும் நம்பமுடியாமல் தவிப்பது. இவை நாள்தோறும் நடந்தால் அது உடல் தோற்றம் குறித்த மனநலக் கோளாறாக இருக்கலாம். மக்களில் சுமார் 2 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அழகு சிகிச்சைக்கு வருவோரிடையே அதைவிட அதிகம். ஆண்களுக்கும் வரும். அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் அதைத் தணிக்காது. முகவாய் சரியானதும் கண் மூக்குக்குப் போகும். பேசுவதற்கு 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அழகு அறுவைச் சிகிச்சைக்குக் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம். இந்த மனநலக் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். ஒப்புக்கொண்டபின் குறைந்தது 7 நாள் காத்திருக்கவும் வேண்டும். நல்ல பழக்கம். அந்த 7 நாளை இங்கே நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. 'இன்னிக்கே முன்பணம் கட்டினா தள்ளுபடி' என்று அவசரப்படுத்தும் இடத்தில் அந்த 7 நாள் இன்னும் அதிகம் தேவைப்படும்.

சிங்கப்பூரில் 'அழகியல் மருத்துவம்' தனி நிபுணத்துவத் துறையாக அங்கீகரிக்கப்படவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் அந்தத் துறை அவர் பெயருக்கு நேராக இருக்கும். வாய், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர் என்றால் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பார்க்கவேண்டும். இரண்டையும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குச் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பைத் தரவேண்டிய கடப்பாடு முதலாளிக்கு இல்லை. ஆண்டு விடுப்பைத்தான் எடுக்கவேண்டியிருக்கும். தேசிய சேவையில் இருப்பவர்கள், தலைக்கவசத்தின் பட்டை எந்த இடத்தில் இறுகும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

பேங்காக், சோல் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அங்கும் திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள். கேள்வி அதுவல்ல. ஆறாவது வாரம் ஒரு பக்கம் வீங்கினால் யாரிடம் போவீர்கள்? விமானச் சீட்டுடன் சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போனால், இந்த வகை இம்பிளாண்ட்டை ஓராண்டில் எத்தனை பேருக்கு வைக்கிறார் என்று கேளுங்கள். என் பற்கள் பொருந்தும் விதத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மறுசிகிச்சை தேவைப்பட்டால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். கட்டணத்தில் மயக்க மருந்து நிபுணர், அறுவைச் சிகிச்சை அறை, பின்தொடர் சந்திப்புகள் எல்லாம் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முடிந்தபின் இம்பிளாண்ட்டின் தயாரிப்பு நிறுவனம், மாதிரி, அளவு, தொகுப்பு எண் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல வருடம் கழித்து ஞானப்பல் எடுக்கவோ ஸ்கேன் எடுக்கவோ போகும்போது, தாடையில் என்ன இருக்கிறது என்று அங்குள்ள மருத்துவர் முதலில் உங்களைத்தான் கேட்பார்.